தாமிரபரணிக் கரையின் நாட்டார் தெய்வங்களும் கிரேக்க வீரர் வழிபாடும்

பண்டைக் கிரேக்கரின் சமயத்தை ஹோமரின் காவியங்களையும் ஏதென்சு நகரத்து நாடகங்களையும் படித்தே அறிந்துவிடலாம் என்னும் எண்ணம் ஐரோப்பியக் கல்வியுலகில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. ஒலிம்பஸ் மலையில் குடியிருக்கும் சியூஸ், அப்பொல்லோ, அதீனா முதலிய பெருந்தெய்வங்களின் கதைகளே கிரேக்கச் சமயம் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. கல்லறை மேட்டில் குருதி வார்த்தவர்களும், ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குள் வரும் இறந்தோரின் ஆவிகளை விழா முடிவில் வெளியேறச் சொன்னவர்களும் அந்நூல்களின் ஓரத்திலேயே நின்றார்கள். கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியில் கற்பித்த ஜேன் எலன் ஹாரிசன், கிரேக்கச் சமய ஆய்வுக்கு முன்னுரையாக 1903-இல் வெளியிட்ட நூலில் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். கவிஞர்கள் தெய்வங்களைப் பற்றிச் சொன்னதைப் பின்னுக்குத் தள்ளி, விழா நாளில் மக்கள் என்ன செய்தார்கள் என்பதிலிருந்து அவர் தொடங்கினார். வானுலகத் தெய்வங்களுக்கு உரிய வழிபாடு ஓர் அடுக்கு, மண்ணுக்கடியில் உறையும் ஆற்றல்களுக்கும் இறந்தோருக்கும் உரிய வழிபாடு இன்னோர் அடுக்கு என்று அவர் பிரித்துக் காட்டியதும், இரண்டாவதே பழமையானது என்று வாதிட்டதும் அடுத்து வந்த பல தலைமுறை ஆய்வுக்குக் களமாயின.

தமிழ்ச் சமய வரலாற்றிலும் இதே நிலை இருந்தது. தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் ஆகமங்களும் சமயத்தின் சான்றுகளாகக் கொள்ளப்பட்டபோது, தாமிரபரணிச் சமவெளியின் சமயம் என்பது நெல்லையப்பர் கோயிலும் பாபநாசநாதர் கோயிலும் ஆற்றின் கீழ்ப்பகுதியில் அமைந்த நவதிருப்பதிகளும் என்றே எழுதப்பட்டது. அதே சமவெளியில் சுடுகாட்டின் அருகே மண்ணால் எழுப்பிச் சுண்ணாம்பு பூசிய, மேலே செல்லச் செல்லக் குறுகும் பீடமாக நிற்கும் சுடலைமாடனும், கையில் பிள்ளையோடு நிற்கும் இசக்கியும், வெட்டுண்டு மடிந்து தெய்வமான எண்ணற்ற ஆண்களும் பெண்களும் சமயம் என்ற சொல்லுக்கு வெளியே விடப்பட்டார்கள். இவர்களை எழுத்தில் முதலில் விரிவாகப் பதிவுசெய்தவர் இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல். 1849-இல் வெளிவந்த திருநெல்வேலிச் சாணார் பற்றிய அவரது ஆங்கில நூல் இவ்வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே வகைப்படுத்தியது. சமயப் பரப்புநரின் கண்டனம் அந்நூலெங்கும் தெரிந்தாலும், கண்டதைக் கூர்ந்து எழுதும் பழக்கம் அவரிடம் இருந்தது. 1809-இல் திருவிதாங்கூர் எல்லைக் கோட்டையரணைப் பிடிக்க நடந்த சண்டையில் படுகாயமுற்று இறந்த போல் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவனுக்கு இப்பகுதி மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்டார்கள் என்ற செய்தி அவர் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. இறந்தவன் அயலான், வேற்றுச் சமயத்தான், ஆட்சி செய்ய வந்தவன். ஆயினும் அகாலத்தில் கொடுஞ்சாவு அடைந்தவன் என்பதனால் அவனுக்கும் படையல் உண்டு. இவ்வழிபாட்டின் உள்முறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

கண்டனமின்றி இத்தெய்வங்களை ஆராயும் மரபைத் திருநெல்வேலியில் நிலைநிறுத்தியவர் நா. வானமாமலை. நாங்குநேரியில் 1917-இல் பிறந்து 1980-இல் மறைந்த அவர், பொதுவுடைமை இயக்கத்தவர். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தி அதன் வருவாயில் வாழ்ந்தவர். 1967-இல் அவர் தொடங்கிய நெல்லை ஆய்வுக் குழு, பட்டமோ பதவியோ கேட்காமல் ஆர்வமுள்ளவர்களைக் கூட்டி, கட்டுரை வாசிக்கச் செய்து, வாசித்ததைக் கேள்விகளால் துளைத்துச் செம்மைப்படுத்திய திண்ணைப் பள்ளியாக இயங்கியது. அங்கே வாசிக்கப்பட்டவற்றுக்கு இடமளிக்க 1969 முதல் ‘ஆராய்ச்சி’ என்னும் இதழ் வெளிவந்தது. பிற்காலத்தில் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டே அடித்தள மக்களின் வரலாற்றை எழுதிய ஆ. சிவசுப்பிரமணியன் போன்றோர் இக்குழுவில் பயின்றவர்களே. நாட்டார் தெய்வ ஆய்வு பல்கலைக்கழகத்துக்கு வெளியே பிறந்தது அதன் போக்கையே தீர்மானித்தது எனலாம். தெய்வத்தின் கதையை அதைப் பாடுபவரிடமும் கேட்பவரிடமும் பெற்று, அவர்களுடைய நிலவுரிமை, சாதி, தொழில் ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்கும் முறை அக்குழுவின் இயல்பாயிற்று.

வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்ட முத்துப்பட்டன் கதை இம்முறைக்குத் தக்க எடுத்துக்காட்டு. பிராமண இளைஞனான முத்துப்பட்டன், தோல் தொழில் செய்யும் சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் மக்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். குடுமியையும் பூணூலையும் களைந்து, செருப்புத் தைக்கக் கற்று, மாமனாரின் கிடையைக் காக்கும் பொறுப்பை ஏற்கிறான். மாடு கவர வந்த கள்வரோடு பொருது மடிகிறான். மனைவியர் இருவரும் உடன் தீப்பாய்கிறார்கள். வில்லுப்பாட்டில் வழங்கும் வடிவத்தில், அப்பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள் என்றும் காட்டில் விடப்பட்டு வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்றும் ஒரு பகுதி வருகிறது. இப்பகுதி பிற்காலத்தில் நுழைக்கப்பட்டது, சாதி மீறிய மணத்தை மேல்சாதியினர் பொறுத்துக்கொள்ளும்படி மாற்றவே இது சேர்க்கப்பட்டது என்று வானமாமலை வாதிட்டார். ஒரு தெய்வக் கதையை வழக்காடும் இரு தரப்பாரின் வாக்குமூலமாகப் படித்து, எந்த வரி யாருடைய நலனுக்காகப் பேசுகிறது என்று பிரித்தறியும் இத்திறம் தமிழ்ச் சமய ஆய்வுக்கு அவர் அளித்த பெருங்கொடை.

இதே காலத்தில் கிரேக்க ஆய்வுக்கும் தமிழாய்வுக்கும் நேரடியான ஒரு பாலம் இலங்கையிலிருந்து எழுந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1937 முதல் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் தாம்சன், ஈஸ்கிலசின் நாடகங்களைக் குலச் சமுதாயச் சடங்குகளின் வழியாக விளக்கிய மார்க்சிய அறிஞர். அயர்லாந்தின் மேற்குக் கோடியிலுள்ள பிளாஸ்கெட் தீவு மக்களோடு பழகி அவர்களின் ஐரிஷ் மொழியைக் கற்றவர் அவர். எழுத்தறியாத மக்களின் பேச்சிலும் பாட்டிலும் வாழும் கவித்துவத்தைக் கேட்டறிந்த அப்பழக்கமே ஹோமரை அவருக்குப் புதிதாக விளங்கவைத்தது. அவரிடம் ஆய்வு செய்த இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி, சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு எழுதிய ஆய்வேடு 1968-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ என்ற தமிழ் நூலையும் அவர் வெளியிட்டிருந்தார். கைலாசபதியின் ஒப்பீடு பெரிதும் பழம்பாடல்களுக்கு உள்ளேயே நின்றது. பிளாஸ்கெட் தீவில் தாம்சன் கற்ற பாடத்தை, அதாவது வாழும் பாடகரிடமிருந்து இறந்தகாலத்தை நோக்கிச் செல்லும் வழியை, தமிழில் முழுமையாகக் கைக்கொண்டது தாமிரபரணிக் கரையே.

வீரர் வழிபாடு என்று கிரேக்க ஆய்வாளர் குறிப்பிடுவது, இறந்துபோன ஒரு மனிதனை அவன் கல்லறையிலோ அவன் பெயரால் அமைந்த வளாகத்திலோ ஊரார் ஆண்டுதோறும் படையலிட்டு வணங்கும் வழக்கத்தை. அவன் அறவோனாகவோ போரில் வென்றவனாகவோ இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. சாவின் கொடுமையும், இறந்தபின் அவனால் ஊருக்கு நேரும் தீங்கைப் பற்றிய அச்சமுமே பல இடங்களில் வழிபாட்டுக்குக் காரணமாயின. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டை ஊர் ஊராகச் சுற்றி, ஒவ்வோர் ஊரின் கோயிலையும் கல்லறையையும் உள்ளூர்க் கதையையும் பத்துப் பகுதிகளில் எழுதிவைத்த பாசானியாஸ் இத்தகைய பலரைக் குறிப்பிடுகிறார். அஸ்டிபாலையா தீவின் குத்துச்சண்டை வீரன் கிளியோமிடிஸ், ஒலிம்பியாவில் எதிரியைக் கொன்றதற்காக வெற்றிப் பரிசை இழந்து, பித்துப் பிடித்து ஊர் திரும்பி, பள்ளிக்கூடத்தின் தூணைப் பிடுங்கி அறுபது பிள்ளைகளைச் சாகடித்தான். கல்லெறிந்து துரத்தியவர்களிடமிருந்து தப்பி அதீனா கோயிலில் ஒரு பெட்டிக்குள் ஒளிந்தவனை, பெட்டியை உடைத்துத் தேடியபோது காணவில்லை. என்ன செய்வது என்று டெல்ஃபியின் குறிமேடையில் கேட்க, அவனைப் பலியிட்டு வணங்குமாறு வாக்கு வந்தது. தென் இத்தாலியிலிருந்த டெமெசாவில், கன்னி ஒருத்தியைக் கெடுத்ததற்காகக் கல்லால் அடித்துக் கொல்லப்பட்ட ஒடிசியசின் மாலுமி, ஆவியாக வந்து ஊராரைக் கொன்றுகொண்டிருந்தான். அவனுக்குக் கோயில் கட்டி ஆண்டுதோறும் ஒரு கன்னியை அளித்த பின்பே ஊர் அமைதி கண்டது என்கிறது கதை. ஃபோகிஸ் பகுதியின் ஓரிடத்தில் வீரனின் கல்லறையில் துளையிட்டு, பலியின் குருதியை அதன் வழியே உள்ளே ஊற்றி, இறைச்சியை அங்கேயே உண்டுமுடிக்கும் வழக்கம் இருந்ததையும் பாசானியாஸ் சொல்கிறார்.

தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எவருக்கும் இச்செய்திகள் அந்நியமாகத் தோன்றா. ஆண்டுக்கொருமுறை நாட்டார் தெய்வத்துக்கு எடுக்கும் விழாவுக்கு இங்கே கொடை என்று பெயர். கொடை நாளில் வில்லுப்பாட்டுக் குழுவினர் வில், குடம், உடுக்கை, ஜால்ரா, தாளக்கட்டை ஆகியவற்றோடு தெய்வத்தின் எதிரே அமர்ந்து அதன் கதையைத் தொடக்கம் முதல் பாடுவார்கள். இப்பகுதியிலும் குமரி மாவட்டத்திலும் களப்பணி செய்து 1988-இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர், இக்கதைகள் இருவகைப்படுவதையும் அவற்றுக்குரிய சடங்குகளும் வேறுபடுவதையும் காட்டினார். கயிலாயத்தில் பிறந்து பூமிக்கு வந்த தெய்வப்பிறவிகள் ஒருவகை. மண்ணில் பிறந்து கொலையுண்டு தெய்வமான, பாடகர்கள் வெட்டுப்பட்ட வாதை என்று சொல்லும் தெய்வங்கள் மற்றொரு வகை. இரண்டாம் வகையில், நள்ளிரவை ஒட்டிக் கதை வெட்டுண்டு விழும் இடத்தை எட்டுகையில் பாட்டின் கதி மாறுகிறது. உடுக்கையும் குடமும் முடுகுகின்றன. கோமரத்தாடி, அதாவது தெய்வத்தைத் தன்மேல் ஏற்று ஆடுபவர், இறந்தவரின் உடலாக எழுகிறார். சுடலைமாடன் கோயில்களில் கணியான் கூத்தும் சேர்கிறது: உச்சம், மந்தம் என்னும் இரு மகுடப் பறைகள் முழங்க, அண்ணாவி எனப்படும் தலைமைப் பாடகர் கதையைப் பாட, பெண் வேடமிட்டோர் ஆட, கைவெட்டு என்னும் சடங்கில் கணியான் தன் கையைக் கீறிக் குருதியைத் தெய்வத்துக்கு அளிக்கிறார். ஃபோகிஸ் கல்லறையின் துளை வழியே இறங்கிய குருதியைப் பற்றி ஓரிரு வரிகளை வைத்துக்கொண்டு கிரேக்க ஆய்வாளர் ஊகிக்க வேண்டியிருக்கும்போது, இங்கே அதைச் செய்பவரிடமே ஏன், எப்போது, யாருக்காக என்று கேட்டு எழுத முடிகிறது. திருநெல்வேலி ஆய்வுக்கு உலக அளவில் உள்ள மதிப்பு இதில்தான் தங்கியிருக்கிறது.

ஒற்றுமை சாவோடும் குருதியோடும் முடிந்துவிடவில்லை. அதைவிட ஆழமானது குலமும் இடமும் பற்றியது. பண்டைய ஏதென்சில் அரசுப் பதவிக்குத் தெரிவானவரை அமர்த்துமுன், தந்தை யார், எந்த ஊர் என்று கேட்டதோடு, குலத்துக்குரிய அப்பொல்லோவும் வீட்டு முற்றத்துக்குரிய சியூசும் அவருக்கு உண்டா, அக்கோயில்கள் எங்கே உள்ளன, குடும்பக் கல்லறைகள் எங்கே என்றும் கேட்டார்கள் என்பதை அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் ஏதென்சு அரசியல் நூல் பதிவுசெய்கிறது. கோயில் இருக்கும் இடத்தைச் சொல்ல முடிந்தவனே குடிமகன். நெல்லைச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று எங்கெங்கோ வாழும் குடும்பங்கள் தத்தம் குலத்துக்குரிய சாஸ்தாவைத் தேடி, குளக்கரைக்கும் வயற்காட்டுக்கும் மலையடிவாரத்துக்கும் செல்கின்றன; சாஸ்தா எது என்பது மறந்துபோன குடும்பம் அதைக் கண்டறியப் பெரியவர்களிடம் விசாரித்து அலைகிறது; திருமணப் பேச்சில் குலதெய்வம் எது என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. மனிதன் தன்னை இன்னான் என்று நிறுவ ஒரு கோயிலின் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டியிருப்பது, அவ்விரு சமூகங்களிலும் சமயம் நம்பிக்கையாக இருப்பதற்கு முன்பே உறவுமுறையாகவும் நில உரிமையாகவும் இருந்ததைக் காட்டுகிறது.

ஹாரிசன் வகுத்த இரு அடுக்குப் பிரிவினை பிற்கால ஆய்வில் பெரிதும் தளர்ந்துவிட்டது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் குன்னெல் எக்ரோத் 2002-இல் வெளியிட்ட நூலில், வீரர்களுக்கு இட்ட பலிகள் முழுதும் எரிக்கப்பட்டன அல்லது புதைக்கப்பட்டன என்ற பழைய கருத்தைக் கல்வெட்டுகளைக் கொண்டு மறுத்து, பெரும்பாலான வீரர் வழிபாடுகளும் தெய்வங்களுக்கு உரியவை போலவே ஊரார் கூடி உண்ணும் விருந்தில்தான் முடிந்தன என்று நிறுவினார். மேல் தெய்வம், கீழ்த் தெய்வம் என்ற கோடு ஆய்வாளரின் தாளில் இருந்த அளவுக்கு வழிபடுவோரின் வாழ்வில் இல்லை. தமிழில் இதற்கு இணையான திருத்தத்தைச் செய்தவர் பாளையங்கோட்டையில் 1950-இல் பிறந்த தொ. பரமசிவன். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்ட ‘அழகர் கோயில்’ என்ற அவரது ஆய்வு, ஆழ்வார்கள் பாடிய பெருங்கோயில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் வாசலில் நிற்கும் பதினெட்டாம்படிக் கருப்பனையும், கோயிலோடு உறவு கொண்ட கள்ளர், பள்ளர், இடையர் முதலிய சமூகங்களையும் விலக்கிவிட்டு அக்கோயிலை விளங்கிக்கொள்ள இயலாது என்று காட்டியது. நாட்டார் சமயம், பெருஞ்சமயம் என்று பெட்டி பிரிப்போருக்கு அந்நூல் இன்றளவும் விடையாக நிற்கிறது.

தாமிரபரணியின் மலைப்பகுதியில், களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் ஆற்றங்கரையில் அமைந்துள்ள காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில் அந்த விடையைக் கண்ணெதிரே காட்டுகிறது. சாஸ்தாவான அய்யனார் நடுவில் இருக்க, மகாலிங்கம், சங்கிலிபூதத்தார், பிரம்மராட்சசி, பேச்சி, தளவாய்மாடன், தூசிமாடன் ஆகியோர் ஒரே வளாகத்தில் தத்தம் எல்லையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆற்றை ஒட்டிப் பட்டவராயனாக, பொம்மக்கா திம்மக்காவோடு, முத்துப்பட்டன் நிற்கிறான். வேண்டுதல் உள்ளவர்கள் அவனுக்குத் தோல் செருப்புச் செய்து காணிக்கையாகக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். கட்டிய செருப்பு அடுத்த ஆண்டு தேய்ந்திருக்கும், இரவில் பட்டவராயன் அதை அணிந்து காடு சுற்றுகிறான் என்பது மக்களின் உறுதியான நம்பிக்கை. பிற கோயில்களில் வாசலுக்கு வெளியே கழற்றப்படும் பொருள் இங்கே சன்னதிக்குள் காணிக்கையாகத் தொங்குகிறது. வில்லுப்பாட்டில் பெண்களின் பிறப்பை மாற்றியவர்களால் இச்செருப்பை மாற்ற முடியவில்லை. பிராமண இளைஞன் தோல் தொழிலாளியான கதையை, பாட்டு மறைக்க முயன்ற இடத்தில், சடங்கு விடாமல் வைத்திருக்கிறது. கதையை முதன்மைச் சான்றாகக் கொண்ட வானமாமலையின் முறையை இவ்விடத்தில் சற்று நீட்டிக்க வேண்டியிருக்கிறது. படைக்கும் பொருளும் கதைக்கு நிகரான ஆவணமே. சில வேளைகளில் அதைவிட நம்பத்தக்க ஆவணம்.

இந்நீட்சிக்குக் கல்வி நிறுவனங்கள் வழி செய்தன. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் தே. லூர்து முதலியோரின் முயற்சியால் நாட்டார் வழக்காற்றியல் தனித்துறையாக வளர்ந்தது. கதை, சடங்கு, நிகழ்த்துமுறை, பொருட்கள் அனைத்தையும் சூழலோடு சேர்த்துப் பதிவுசெய்ய மாணவர்கள் பயிற்றப்பட்டார்கள். 1990-இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொ. பரமசிவன் தமிழ்த்துறைத் தலைவராக இருந்து 2008-இல் ஓய்வு பெற்றார். 2020-இல் மறையும்வரை அவர் வீடு தேடி வந்தவர்களுக்கும் வகுப்பு நடந்துகொண்டே இருந்தது. சொந்த ஊரின் கோயிலை, சொந்தக் குடும்பத்தின் தெய்வத்தை ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் மாணவருக்கு, கிரேக்கத்தை ஆராயும் எவருக்கும் கிடைக்காத நெருக்கமும், அந்நெருக்கத்தினால் வரும் இடர்ப்பாடும் சேர்ந்தே வாய்க்கின்றன: கொன்றவர் வழியில் வந்தவர்களும் கொல்லப்பட்டவர் வழியில் வந்தவர்களும் அதே ஊரில் வாழ்கிறார்கள்.

கிரேக்க ஒப்பீடு நின்றுவிடும் எல்லையும் அதுவே. கிரேக்கத்தில் கொடுஞ்சாவு அடைந்தவனைப் பற்றி ஊர் டெல்ஃபியிடம் கேட்டது, டெல்ஃபி வாக்களித்தது, அதன்பின் அவ்வீரன் நகரத்தின் உடைமையானான். ஒரெஸ்தீசின் எலும்புகளை டெகியாவிலிருந்து ஸ்பார்ட்டா கொண்டுசென்றதும், தீசியசின் எலும்புகளை ஸ்கைரோஸ் தீவிலிருந்து ஏதென்சு கொண்டுவந்ததும் அரசியல் செயல்களே; அவற்றில் கொன்றவர் யார் என்ற கேள்வி நகரத்தின் பெருமைக்குள் கரைந்துபோயிற்று. தாமிரபரணிச் சமவெளியில் டெல்ஃபி போன்ற ஒற்றை அதிகாரம் இத்தெய்வங்களின்மேல் இருந்ததில்லை. குடும்பமும் சாதியும் தெருவும் கோயிலை வைத்திருப்பதால், ஒரே கொலை இரு கோயில்களில் இருவிதமாகப் பாடப்படுகிறது. பழிக்கு அஞ்சியவர்கள் கட்டிய பீடமும், இழந்தவர்கள் கட்டிய பீடமும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நிற்கக்கூடும். ஆகவே, முத்துப்பட்டன் கதையில் எது மூலவடிவம் என்று தேடுவதோடு ஆய்வு நின்றுவிடக் கூடாது. எந்த வடிவம் எந்தக் கோயிலில், யார் செலவில் நடக்கும் கொடையில், எந்த அண்ணாவியால், கேட்போரில் யார் யார் அமர்ந்திருக்கப் பாடப்பட்டது என்பதை, சொரிமுத்து அய்யனார் தொடங்கி ஆறு கடலில் கலக்கும் புன்னக்காயல் வரை ஊர் ஊராக எழுத வேண்டும். பாசானியாஸ் கிரேக்கத்துக்குச் செய்தது அத்தகைய பணி; ஆனால் அவர் சென்ற காலத்தில் பல கல்லறைகளில் பாடுவோர் இல்லை. இங்கே ஆடியிலும் சித்திரையிலும் வில் இன்னும் ஏறுகிறது.